நோயாளி வேஷம்

பயிற்சியின் முதல் நாள் காலையில் சிஸ்டர் எங்கள் ஏழு பேரையும் வார்டுக்கு அடுத்த அறையில் வரிசையாக நிற்க வைத்தார். அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு பெரிய சன்னல். அவ்வளவுதான். ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"நீதான் சரி. கட்டில்ல ஏறிப் படு பிள்ளே."

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் சிலமலையிலிருந்து நடந்தே வந்திருந்தேன். காலெல்லாம் புழுதி.

"காலைக் கழுவிட்டு வந்துர்றேன் சிஸ்டர்."

"நோயாளி காலைக் கழுவிட்டா வர்றான்? அதைக் கழுவுறது இவங்க சோலி. நீ படு."

படுத்தேன். மற்ற ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். நோயாளியைத் தூக்கவும் புரட்டவும் துடைத்துவிடவும் பழகுவதற்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று வேண்டும். மெட்ராசுக்கு எழுதியாகிவிட்டது. அது வருகிறவரை உயிருள்ள ஒருத்தி படுக்க வேண்டும். ஏழு பேரில் நான்தான் குட்டை, எடையும் குறைவு. தூக்கிப் பழக வசதி.

"பொம்மை வர்ற வரைக்கும் நீதான் எங்களுக்குப் பொம்மை" என்றார்.

ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் பகலெல்லாம் நான் படுத்தே கிடந்தேன்.

யுத்தத்தின்போது பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, மதுரை ரயில் மறுபடியும் போடிக்கு வரத் தொடங்கியிருந்த சமயம் அது. ஊரின் மேற்குக் கோடியில், மலையைப் பார்த்தாற்போல, இருபது கட்டில் போட்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. எட்டாவது தேறிய பெண்களுக்கு அங்கே துணை நர்ஸ் பயிற்சி ஆரம்பிக்கிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். எனக்குப் பதினேழு வயது. படிப்பை முடித்து மூன்று வருஷமாகக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாதான் குதித்தார். "கண்டவன் மேலயும் கை வைக்கிற சோலி. நம்ம வீட்டுப் பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குண்ணே அது? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது வண்டிச் சக்கரம் தொடையில் ஏறி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தவர் அவர். அங்கே யார் தன்னைப் பார்த்துக்கொண்டார்கள், எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அது என்ன சோலின்னு எனக்குத் தெரியும். போகட்டும்" என்றார்.

இப்படி வந்தவள்தான் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவள் படுப்பாள், காய்ச்சல்காரி படுப்பாள். மற்றவர்களுக்கு முதுகு தரையைத் தொடுவது விளக்கை அணைத்த பிறகுதான். அதனால் முதல் சில நாள் கட்டைபோல விறைத்துக் கிடந்தேன். யாராவது வந்து "எந்திரிடி" என்று அதட்டுவார்கள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. யாரும் அதட்டவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு தானாக இளகிவிட்டது.

தலையணையில் தலை வைத்தால் சன்னல் நேராகத் தெரியும். சன்னல் முழுக்க மலை. காலையில் ஒவ்வொரு மடிப்பும் ஓடையும் தனித்தனியாகத் தெரியும். பத்து, பதினொரு மணிக்கு உச்சியில் ஒரு வெள்ளை திரண்டு, பைய வழிந்து இறங்கும். அந்த நேரத்தில் என் மேல் ஈரத்துணி ஓடிக்கொண்டிருக்கும். வலது கை, இடது கை, கழுத்து, முதுகு. சிஸ்டரின் குரல் எங்கோ தூரத்தில், "நெஞ்சை மூடிட்டு அப்புறம் காலைத் திற. முழு உடம்பையும் ஒரே நேரத்துல திறந்து போடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மேகம் மலையை மூடுகிறபோதே போர்வை என் தோளை மூடும். அரைத் தூக்கத்தில் எது மலை, எது நான் என்பது குழம்பிப் போகும். ஒருநாள் கட்டில் சன்னல் வழியாக வெளியே மிதந்து போவதாகவே நினைத்துக்கொண்டேன். புளியமரங்களுக்கு மேலே, சந்தைக் கூரைகளுக்கு மேலே அது போய்க்கொண்டிருந்தது. ஆறு பேரும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் கூடவே நடந்து வந்தார்கள். விழித்துப் பார்த்தால் என்னை இடப்பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

தினம் ஒரு நோய் எனக்கு. திங்கட்கிழமை டைபாய்டு. செவ்வாய்க்கிழமை இடுப்பு முறிவு. ஒருநாள் கண்ணிரண்டையும் கட்டிப் போட்டு, அன்று முழுக்க நான் குருடி. இன்னொரு நாள் பிள்ளை பெற்றவள். துண்டு ஒன்றைச் சுருட்டி என் பக்கத்தில் வைத்து, "ஆம்பளப் புள்ளடி ஒனக்கு" என்றாள் ஒருத்தி. விளையாட்டுதான். ஆனாலும் அந்தத் துண்டு சூடாக இருந்தது, அப்போதுதான் வெயிலில் உலர்த்தி எடுத்தது. மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பாடம் முடிந்து அதை எடுக்க வந்தபோது கொடுக்க மனசில்லாமல் இருந்தது.

ஒரு மாதத்திற்குள் கண்ணைத் திறக்காமலே யார் கை என்று சொல்லத் தெரிந்துவிட்டது எனக்கு. போடி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தவரின் மகள் ஒருத்தி எங்களோடு இருந்தாள். அவள் கை பஞ்சுபோல் இருக்கும், ஆனால் பயந்த கை. பயத்தில் கிள்ளினாற்போலப் பிடிக்கும். இன்னொருத்தி கை எப்போதும் அவசரம். எல்லோரையும்விட எனக்குப் பிடித்தது, மலையடிவாரத்துக் குரங்கணியில் பிறந்ததால் நாங்கள் குரங்கணிக்காரி என்று கூப்பிட்ட ஒருத்தியின் கை. அவள் நெட்டையானவள், யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். அம்மா இல்லை. அம்மா போன பிறகு போடியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள், லீவு நாளெல்லாம் தோட்டத்தில் காய் எடுத்தவள். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கை கழுத்துக்குக் கீழே நுழைந்து தலையைத் தூக்கும்போது, தூக்குகிறார்கள் என்றே தெரியாது. தலை தானாக எழுந்ததுபோல் இருக்கும்.

பாடம் முடிந்ததும் சிஸ்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என்னிடம் கேட்பார். "சொல்லு. என்ன தெரிஞ்சுது?"

"முதுகுல தண்ணி வழிஞ்சு போயி இடுப்புல தேங்குது சிஸ்டர். அது குளிருது."

"வேற?"

"எல்லாரும் மேல நின்னு பேசுறப்போ, என்னையப் பத்தித்தான் பேசுறாகளோன்னு இருக்கு."

அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்களைவிட எட்டு, ஒன்பது வயதுதான் கூட இருக்கும். பாடம் நடத்துவது அவருக்கும் அதுதான் முதல் தடவை. "நான் படிச்ச இடத்துல பொம்மைதான். அது வாயைத் திறக்காது" என்றார் ஒருநாள். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு பேரில் ரொம்பத் தெரிந்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் நீளமான பெட்டி ஒன்று வந்து இறங்கியது. வைக்கோலை விலக்கினால் பொம்மை. ரோஸ் நிறம், நீலக் கண், கை கால் மூட்டெல்லாம் மடங்கும். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒன் சக்களத்தி வந்துட்டாடி" என்றாள் ஜவுளிக்கடைக்காரர் மகள்.

சிரித்தேன். ஆனால் என் கட்டிலில், என் தலையணையில் அதைக் கிடத்தி, என் பச்சைப் போர்வையை அதன் கழுத்துவரை இழுத்துவிட்டபோது அந்தப் போர்வையைத் திரும்ப உருவிக்கொள்ளக் கை போனது. அது மேற்கே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

மறுநாளிலிருந்து நானும் நின்று வேலை செய்ய வேண்டும். அப்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. மூன்று மாதம் மற்றவர்கள் கை பழகியிருந்தது. என் கை ஒன்றும் பழகவில்லை. படுக்கை விரிக்கும்போது துணியின் மூலையை மடித்துச் செருக வேண்டும். அந்த மடிப்பு என் உடம்புக்குத் தெரியும், காலடியில் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. அதே வாரம் வார்டில், வயிற்றில் ஆபரேஷன் ஆன ஓர் அம்மாளுக்குத் துணி மாற்றப் போய், அவரை ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பின்னால் நகர்ந்தபோது முழங்கை பட்டுத் தண்ணீர்ப் பாத்திரம் கட்டிலிலேயே கவிழ்ந்தது.

"ஏண்டியம்மா, படிக்க வந்தியா வெளாட வந்தியா?" என்று அந்த அம்மாள் வலியோடு கத்தினார்.

குரங்கணிக்காரி ஓடி வந்து துணியை மாற்றினாள். நான் வெளியே வந்து சுவரோரம் நின்றேன். சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தப்பு எம்மேலதான். எல்லாரையும் மாத்தி மாத்திப் படுக்க வெச்சிருக்கணும். எனக்குத் தோணாம போச்சு" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், மற்றவர்கள் ஓய்வெடுக்கிற நேரத்தில், குரங்கணிக்காரி என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனாள். பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவளே கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

"செய்யி. பைய செய்யி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"பொம்மைய வெச்சே பழகிக்கிறேன்டி. நீ செத்த நேரம் தூங்கு."

"பொம்மை எட கம்மி. நான்தான் நெட்டச்சி. என்னையப் பொரட்டிட்டீன்னா அப்புறம் யாரையும் பொரட்டலாம்."

துணி விரித்தேன், பிரித்தேன், மறுபடி விரித்தேன். அவளைப் புரட்டினேன், நிமிர்த்தினேன், தலையைத் தூக்கித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பாதி நாள் பாதியிலேயே அவள் தூங்கிவிடுவாள். தூங்குகிற நெட்டையான பெண்ணை எழுப்பாமல் அடியில் விரிப்பை மாற்றுவது எப்படி என்று அந்த மத்தியானங்களில்தான் கற்றேன். வெளியே மலை மூடிக் கிடக்கும். தெருவில் ஏல மூட்டை ஏற்றிய வண்டி போனால் அறை முழுக்க அந்த வாசனை வந்து, வெகுநேரம் போகாமல் நிற்கும்.

பயிற்சியின் இரண்டாம் வருஷம் எங்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து ஒரு மாதம் வெளியே அனுப்பினார்கள். எனக்கும் அவளுக்கும் மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தின் மருந்தகம் விழுந்தது. போடிமெட்டு வரை ஜீப்பு. முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர். பின்னால் தோட்டத்து ஆட்கள், அரிசி மூட்டை, ஒரு ஆடு. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும், "புடிச்சுக்கங்கத்தா" என்று சொல்வார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். பாதி மலைக்கு மேல் காது அடைத்துக்கொண்டது. கீழே வயலெல்லாம் துணிக்கடைத் துண்டுகள் மாதிரி கிடந்தன. பிறகு அதுவும் மறைந்து வெள்ளை வந்துவிட்டது.

மெட்டிலிருந்து இரண்டு மணி நேர நடை. பெரிய மரங்களுக்கு அடியில் ஏலச்செடிகள் தோள் உயரத்துக்கு நின்றன. அங்கே பகலும் ஒரு மாதிரி சாயங்காலமாகத்தான் இருக்கும். யாராவது பேசினால் குரல் முதலில் வரும், ஆள் கொஞ்சம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து வருவார். மருந்தகம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு அறை, இரண்டு கட்டில். பார்த்துக்கொள்ள ஒரு கம்பவுண்டர். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர்.

முதல் நாள் காலையில் அவர் வந்து, "லயத்தில் ஒரு ஸ்திரீக்குப் பனியாணு" என்றார்.

நான் சன்னலைப் பார்த்தேன். வெளியே எல்லோருக்கும்தான் பனி. குரங்கணிக்காரி என் இடுப்பில் இடித்தாள். "காய்ச்சலச் சொல்றாருடி. இங்க காய்ச்சலுக்குப் பனிம்பாக."

லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், காய் எடுக்கும் பெண் ஒருத்திக்கு மலைக்காய்ச்சல். பற்கள் கிட்டித்துக்கொண்டு நடுங்கியவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டில்ல வேணாந்தாயி. அதுல படுத்த எங்கூட்டுக்காரரு எந்திரிக்கவே இல்ல."

கம்பவுண்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் கட்டிலிலிருந்த மெத்தையை இழுத்துத் தரையில் போட்டு, துணி விரித்து, நாலு மூலையும் மடித்துச் செருகினேன். மேலே மூன்று கம்பளி. அவள் மெத்தையைத் தடவிப் பார்த்தாள். பிறகு படுத்தாள். ஆறு நாள் அந்தத் தரையிலேயே வைத்துப் பார்த்தோம். ஏழாம் நாள் எழுந்து கம்பளியைத் தானே மடித்து வைத்துவிட்டு லயத்துக்குப் போனாள். நர்ஸ் என்று என்னை நானே நினைத்துக்கொண்ட முதல் நாள் அது.

மூன்றாம் வாரம் எனக்கே காய்ச்சல் வந்தது.

முதலில் குளிர். எலும்புக்குள்ளிருந்து வருகிற குளிர். கட்டில் என்னோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. பிறகு தீ. பிறகு வேர்வையில் எல்லாம் நனைந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் மிதப்பேன். ஒருநாள் விட்டு ஒருநாள் அது திரும்ப வந்தது. கொயினா மாத்திரை கொடுத்தார்கள். அது காதுக்குள் ஓர் இரைச்சலை வைத்தது. ஆயிரம் சிள்வண்டு ஒரே சுருதியில் கத்துவதுபோல. அந்த இரைச்சலுக்குள் மனிதர்கள் வாயை அசைத்தார்கள். வெளியே பனி, உள்ளே பனி. இரண்டுக்கும் இந்த மலையில் ஒரே பேர்தான் என்பது அப்போது எனக்குப் பெரிய ரகசியம் பிடிபட்டதுபோல் இருந்தது. யாரிடமோ அதை விளக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "சரிடி, சரிடி" என்று ஒரு குரல் கேட்டது. சன்னல் வழியாக ஏலச்செடிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. என்னைப் பார்த்தன. ஒன்றும் கேட்கவில்லை.

காய்ச்சல் இறங்குவதாக இல்லை என்று ஆனதும் கீழே கொண்டுபோக முடிவு செய்தார்கள். மழை வலுத்து மெட்டு ரோட்டில் மண் சரிந்திருந்தது, ஜீப்பு வராது. குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைதான் வழி. ஒரு மூங்கிலில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி, அதில் என்னைப் போட்டு, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்கினார்கள். குரங்கணிக்காரி பக்கத்தில் நடந்தாள்.

அந்தப் பயணம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. இலைகள் தலைகீழாகப் போயின. கம்பளிக்கு மேலே ஒரு கோடு வானம். ஓடையின் சத்தம் வரும், காதுக்குள் இருக்கும் இரைச்சலோடு கலந்து போகும். ஆட்களின் மூச்சு. அவள் கை அடிக்கடி கம்பளிக்குள் வந்து என் மணிக்கட்டைத் தொடும்.

பாதி வழியில் பாதை கொஞ்சம் அகலமாகி, ஒரு தட்டைப் பாறை இருந்தது. ஆட்கள் நின்றார்கள்.

"இங்கன செத்த எறக்கி வெச்சு மூச்சு வாங்கிக்கிறோம்த்தா."

"இங்க வேணாம்ணே. நடங்க."

"எல்லாரும் எறக்குற எடந்தானத்தா. இதுக்குக் கீழ எறக்க வாகா எடமில்ல. தோளு கழண்டு போச்சு."

"எறக்காதீக" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "யாருக்கு முடியலையோ அவரு தள்ளுங்க. நான் புடிக்கிறேன்."

மூங்கில் ஒரு தடவை ஆடி நிலைத்தது. கம்பளி விளிம்பு வழியாகப் பார்த்தேன். பின்னால் ஓர் ஆள் விலகி நிற்க, சேலை முந்தானையைச் சும்மாடுபோலச் சுருட்டித் தோளில் வைத்து அவள் மூங்கிலைத் தாங்கியிருந்தாள். நடந்தாள். பாறையைத் தாண்டி, அடுத்த வளைவைத் தாண்டி, அதற்கும் அடுத்த வளைவுவரை தூக்கிக்கொண்டே வந்தாள். அப்படியே நான் தூங்கிப் போனேன்.

போடி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தேன். இந்தத் தடவை வார்டில், நிஜ நோயாளியாக. என்னோடு படித்தவர்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகள் கையில் இப்போது பயமில்லை. காய்ச்சல் விட்டு நிதானம் வந்த ஒருநாள் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். நோட்டு கொண்டுவந்திருந்தார்.

"அப்போ சொன்னதுக்கும் இப்போ உள்ளதுக்கும் வித்தியாசம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதம் படுத்திருந்து நான் சொன்னதெல்லாம் சௌகரியத்தைப் பற்றியது. நிஜமாக விழுந்து கிடந்தபோது முதுகில் தண்ணீர் தேங்கியதா, துணி சுருங்கியிருந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"அப்போ நான் சொன்னதுல பாதி தப்பு சிஸ்டர். நெசமா முடியாம கெடக்குறப்போ, ஒரு ஆளு பக்கத்துலயே இருக்காங்கிறது மட்டுந்தான் தெரியுது. அதுவும் யாருன்னு தெரியல."

அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று கவனிக்கவில்லை. கண் சொருகிவிட்டது.

தட்டைப் பாறையைப் பற்றி நான் குரங்கணிக்காரியிடம் கேட்கவில்லை. அவளாகவேதான் சொன்னாள். எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்.

"எங்கம்மாவுக்கும் இதே காய்ச்சத்தான். இதே மாதிரி தூளி கட்டித்தான் கொண்டாந்தாக. எனக்குப் பத்து வயசு, கூடவே நடந்து வந்தேன். அந்தப் பாறையில எறக்கி வெச்சு பீடி குடிச்சாக. நான் ஓடையில தண்ணி மோந்துக்கிட்டு வந்தேன். திரும்பத் தூக்குறப்போ ஒருத்தரு மொகத்தப் பாத்தாரு. அப்புறம் தூளிய மறுபடி மேல தோட்டத்துக்கே திருப்பிட்டாக."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எறக்குனதுனாலதான் போச்சுன்னு இல்ல. அது எனக்கும் தெரியும், நானும் படிச்சிருக்கேன்ல" என்றாள். "ஆனா அந்த எடத்துல ஒன்னையக் கீழ வைக்க என்னால ஆகல." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அவள் தோளில் மூங்கில் அழுத்திய இடம் ரவிக்கைக்கு வெளியே கன்றிப்போய்த் தெரிந்தது.

பயிற்சி முடிந்து ஏழு பேரும் தேறினோம். எங்கே வேலை வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரி கேட்டாள். நான் போடியிலேயே இருக்கிறேன் என்றேன். மலை மருந்தகத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். குரங்கணிக்காரி அதைத்தான் கேட்டாள்.

"அங்க போயி ஒத்தையில என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கம்பவுண்டருகிட்டச் சொல்லி மொதல்ல அந்தக் கட்டிலு காலையெல்லாம் வெட்டணும். தரையோட தரையா ஆக்கிட்டா பயப்படாம படுப்பாக" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நிஜமாகவே வெட்டவைத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அவளை வழியனுப்ப மெட்டு வரை போனேன். இந்தத் தடவை ஜீப்பில் கூட்டமில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டி எங்கள் காலடியில் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. மெட்டில் டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். கண்ணாடித் தம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். தோட்டத்து ஆள் ஒருவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"வெரசா எறங்கிரு. மழை வந்தா ரோடு நிக்காது" என்றாள்.

"லெட்டர் போடு."

"போடுறேன். நீ ஒடம்பப் பாத்துக்க."

அவ்வளவுதான் பேசினோம். பத்தடி போனதும் பெட்டி மறைந்தது. பிறகு அவள் மறைந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகும் நின்றிருந்தேன். பின்னால் கீழே இறங்கும் ஜீப்புக்காரர் ஆரன் அடித்தார்.

இறங்கும்போது ஏழெட்டு வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரே வளைவில் பனி முடிந்து வெயில் அடித்தது. அடைத்திருந்த காது பட்டென்று திறந்தது. கீழே போடி, ஓட்டுக் கூரைகள், ரயில் பாதை, கிழக்கே சிலமலைப் பக்கத்து வயல்கள். இரண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. ஒன்றரைக்கே வந்து சேர்ந்து, முகம் கழுவி, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வார்டுக்குள் போனேன். புதிதாக ஒரு நோயாளி வந்திருந்தார். கால் நிறையப் புழுதியோடு, கட்டிலில் ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்துவரப் போனேன்.